கடலூரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை, அவர்கள் பார்த்ததைக் கவிதையாக எழுதவைப்பது எப்படி? "கடல் அழகானது" என்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறார்களே!

பிள்ளைகள் மேல் தப்பில்லை. "கடலைப் பற்றி எழுது" என்றால் பெரியவர்களுக்கும் அதுதான் வரும். கடலைக் கொடுக்காதீர்கள், ஒரு நண்டைக் கொடுங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காலை ஆறரைக்குப் போய் எட்டுக்குள் திரும்பிவிடுங்கள். கிழக்குப் பார்த்த கரை, வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அப்புறம் மணலும் சுடும். நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். ஈர மணலுக்கு இந்தப் பக்கமே உட்காரவையுங்கள். அலை காலை நனைத்துவிட்டால் அன்றைக்குக் கவிதை அம்பேல்.

ஆளுக்கு ஒரு நண்டு வளை, ஐந்து நிமிடம். ஆள் அசைந்தால் நண்டு வெளியே வராது. அதனால் நீங்கள் அதட்டாமலே அமைதி வந்துவிடும். நோட்டும் பென்சிலும் பிள்ளைகள் கையில் வேண்டாம். ஏழு வயதுக் கை வாயைவிட மெதுவானது. எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பார்த்தது மறந்துபோகும். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், பேச்சு வழக்கிலேயே. "ஓடுச்சு" என்பதை "ஓடியது" என்று திருத்தினால் அடுத்த வரியிலிருந்து பாடப்புத்தகம்தான் பேசும்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பார்கள், அதோடு சரி. "என்ன பண்ணுச்சு? எந்தப் பக்கமா போச்சு? அதுக்கு முன்னாடி?" என்று கேளுங்கள். முதற்பொருள் (இடமும் நேரமும்), கருப்பொருள் (அங்கே உள்ள உயிர்களும் பொருள்களும்), உரிப்பொருள் (மனசில் தோன்றுவது) என்று தொல்காப்பியம் வைத்த வரிசை இங்கே கைகொடுக்கும். இடம், நேரம், உயிர் எல்லாம் வந்த பிறகுதான் "உனக்கு என்ன தோணுச்சு?" உவமையையும் கடைசியில் கேளுங்கள். "முத்து மாதிரி" என்று வந்தால், "உங்க வீட்டுல இருக்கிறதுல எது மாதிரி?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்: "ஒரு நண்டு இருந்துச்சு. நான் எட்டிப் பார்த்தேன். அது சைடுல ஓடுச்சு. ஓட்டைக்குள்ள போயிடுச்சு. அப்புறம் ரெண்டு கண்ணு மட்டும் வெளிய வந்துச்சு."

ஒரு ஏ4 தாளை ஐந்து பட்டையாக வெட்டி, பட்டைக்கு ஒரு வாக்கியம் எழுதி, தரையில் பரப்புங்கள். எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பிள்ளையே எடுக்கட்டும். முதல் பட்டை போகும். "அது", "அப்புறம்" இரண்டையும் அடிக்கலாம். கடைசிப் பட்டையை இரண்டாகக் கிழித்து மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்:

நான் எட்டிப் பார்த்தேன்
சைடுல ஓடுச்சு
ஓட்டைக்குள்ள போயிடுச்சு
வெளிய வந்துச்சு
ரெண்டு கண்ணு மட்டும்

தமிழில் வினை கடைசியில் வருவதால் முக்கால்வாசி வரி "ச்சு, ச்சு" என்றே முடியும். ஒரு வரியைத் திருப்பிப் போட்டால் அந்தச் சலிப்பும் போகும், கண்ணும் கடைசியில் எட்டிப் பார்க்கும். "நண்டு" என்ற சொல்லே இல்லையே என்றால், அதைத் தலைப்பில் வையுங்கள். தலைப்பை மறைத்துக்கொண்டு வாசித்தால் அது விடுகதை. பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்.

வரிக் கடைசியில் ஓசை ஒத்துவர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதுதான் பெரிய கெடுதல். "நண்டு"க்காக இல்லாத வண்டும் செண்டும் உள்ளே வந்துவிடும். ஓசை வேண்டுமென்றால் முதலெழுத்து ஒத்துவரும் மோனை சுலபம். இல்லையென்றால் சலசல, விறுவிறு மாதிரி நண்டின் ஓட்டத்துக்கு ஒரு சொல்லை அவர்களே உண்டாக்கட்டும். அகராதியில் இல்லாவிட்டால் என்ன?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை வேண்டாம். ஜன்னலோரம் ஒரு ஓலை, ஒரு தகரம், ஒரு பிளாஸ்டிக் வாளி மேல் விழும் மழையைக் காதால் பிரிக்கச் சொன்னால் போதும்.

சுத்தப்பிரதி எடுக்கும்போது எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள். "ஓட்டை"யை "வளை" ஆக்கிவிடாதீர்கள்.