மொஹல்லா கமிட்டிகளால் (தெருக்காரர்களைச் சேர்த்து அமைக்கும் அமைதிக் குழுக்கள்) சண்டை குறைகிறதா, இல்லை போலீஸோடு போட்டோ எடுத்துக்கொள்ளத்தானா?

போட்டோவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மும்பை தாராவியில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தண்ணீர் மோட்டார் சண்டையை மதச் சண்டையாக விடாமல் மோட்டார் சண்டையாகவே முடித்துவைப்பதுதான் கமிட்டியின் நிஜ வேலை.

எங்கள் பக்கம் எல்லாத் தகராறுக்கும் மூலம் தண்ணீர். காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். ஒருத்தர் குழாயில் மோட்டார் போட்டு இழுத்தால் பக்கத்து வீட்டில் வெறும் காற்று. ஒருமுறை திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கும் உ.பி.க்காரர் ஒருவருக்கும் இப்படித்தான் மூண்டது. கொஞ்ச நேரத்தில் மோட்டாரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 'மதராஸி', 'பையா' (வடநாட்டுக்காரர்களை மட்டம் தட்டும் பேச்சு) என்று ஏறி, மதத்தில் வந்து நின்றது. கமிட்டியில் இருக்கும் இட்லிக்கார அக்கா உள்ளே புகுந்தார். "பாய், மற்றதெல்லாம் அப்புறம். மோட்டாரைக் கழற்றுங்க. அண்ணாச்சி, நீங்களும் உங்க வீட்டைத் திறந்து காட்டுங்க." பார்த்தால் இரண்டு வீட்டிலும் மோட்டார்! வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் நைசாக நழுவினார்கள். அவர்கள் வீட்டிலும் இருந்திருக்கும்.

இரண்டு வீட்டுக்கும் இட்லி கொடுப்பவர் என்பதால்தான் அக்கா பேச்சு எடுபட்டது. வெளியூர்ப் பெரிய மனிதர் சொன்னால் யார் கேட்பார்கள்?

1970-லும் 1984-லும் இந்து-முஸ்லிம் கலவரத்தில் எரிந்த ஊர், மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவண்டி. பிறகு அங்கே காவல்துறை அதிகாரி சுரேஷ் கோப்டே இந்து, முஸ்லிம் இருவரையும் சேர்த்துத் தெருக் கமிட்டிகள் அமைத்தார். 1992-93 மும்பைக் கலவரத்தில் 900 பேர் இறந்ததாக, அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. பிவண்டி அப்போது அமைதியாக இருந்தது. அதற்கப்புறம்தான் முன்னாள் போலீஸ் கமிஷனர் ஜூலியோ ரிபெரோ, சமூக ஆர்வலர் சுஷோபா பார்வே போன்றோர் மும்பையில் மொஹல்லா கமிட்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

இப்படிப் பழகிய ஊரில் பெரிய விஷயங்களும் சுலபமாகின்றன. 2023-இல் கணபதி விசர்ஜனமும் மிலாது நபியும் செப்டம்பர் 28 அன்று ஒன்றாக வந்தன. முஸ்லிம் அமைப்புகள் தங்கள் ஊர்வலத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டன. அரசு விடுமுறையும் 29-க்கு மாறியது.

சரி, எல்லாவற்றையும் தடுக்குமா? ஆள் இறக்கி, திட்டம் போட்டுச் செய்யும் கலவரத்தின் முன்னால் இட்லிக்கார அக்கா என்ன செய்வார்? அங்கே போலீஸ் நேர்மையாக நடந்தால்தான் உண்டு. வதந்தி வந்தால் எதிர்த் தெருவுக்கு போன் போட்டு "அங்கே என்ன நடக்குது?" என்று கேட்க ஒரு நம்பர் இருப்பது மட்டும் அப்போதும் உதவும்.

உங்கள் ஏரியாவில் தொடங்குவதென்றால் கட்சிக்காரர்களை விட்டுவிட்டு மளிகைக்கடைக்காரர், டியூஷன் டீச்சர், ஆட்டோ ஸ்டாண்ட் ஆள் என்று சேருங்கள். கூட்டத்தைக் காவல் நிலையத்தில் போடாதீர்கள், பெண்கள் வரமாட்டார்கள்.