கல் கவலை இருக்கட்டும், குழந்தையின் பல்லைப் பாருங்கள்

மாமனாரின் சிறுநீரகக் கல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் மகளின் பல் கறையைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

ஒன்பது வயதுக் குழந்தை. முன்பற்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, குறுக்காகப் பழுப்புக் கோடு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. சொத்தை இப்படி ஜோடி ஜோடியாக வராது. தருமபுரிப் பக்கத்தில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் குடித்து வளர்ந்த குழந்தை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் ஃபுளோரைடு உப்பை. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில், அதாவது பல்லின் வெளிப்பூச்சில், விழுந்த கறை அது. கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்கும் கால்சியம் சிரப்பால் அது மாறாது, நிறுத்திவிடுங்கள்.

பழைய கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, கல் வரும் என்று பயந்து, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆழமாக போர் போட்டிருக்கிறீர்கள். அதில் சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று சந்தோஷம் வேறு. உங்கள் ஊர்ப் பாறையிலேயே ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால், அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். கரைசலில் அதிகம் தங்காது. ஆழத்தில் நெடுநாள் கிடந்து, கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்னீரில்தான் ஃபுளோரைடு ஏறும். நன்றாக நுரைக்கிற தண்ணீரை அதனால்தான் சோதிக்கச் சொல்கிறேன்.

போர் தண்ணீரில் மீட்டர் வைத்து, டி.டி.எஸ். 900 என்று காட்டியதைப் பார்த்து இணையத்தில் தேடிப் பயந்திருக்கிறீர்கள். அந்த மீட்டர் கரைந்த உப்புகளை மொத்தமாகத்தான் காட்டும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். அது 3 ஆக இருந்தாலும் 900-க்குள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை குடிக்க மட்டுமல்ல, உலை வைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீர்தான். அந்தத் திட்டமே இதற்காக வந்தது. நீங்களோ அதைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்துகிறீர்கள்!

அவசரம் இளையவனுக்குத்தான். இரண்டு வயதில் அவனுடைய நிரந்தரப் பற்களின் எனாமல் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. எட்டு வயதுவாக்கில்தான் பெரும்பாலும் முடியும். இன்றே தண்ணீரை மாற்றினால் அவனுக்குப் பெரும் பலன் உண்டு. மகளின் கறையைப் பல் மருத்துவர் பெருமளவு மறைத்துவிடலாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாமனாருக்குக் கல் வந்ததற்குக் கிணற்றைக் குறை சொல்ல வேண்டாம். தண்ணீர் போதாமல் குடிப்பதுதான் பெரிய காரணம். கல் கரைக்கும் சிரப்பை நிறுத்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். காலையில் கழுத்தும் இடுப்பும் விறைக்கிறது என்றீர்களே, அதற்கும் ஃபுளோரைடு காரணமாக இருக்கலாம்; தண்ணீர்ச் சோதனை முடிவையும் கையில் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.