'ஃபாஸ்ட்' என்றால் வேகம்தானே? அப்புறம் ஏன் ஆழ்ந்த தூக்கத்தை 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்கிறார்கள்?

வேகம் என்பது அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கெட்டியான, அசையாத என்றுதான் பொருள். நீங்கள் கேட்ட 'ஃபாஸ்ட் அஸ்லீப்' அந்தக் காலத்து மிச்சம்: உலுக்கினாலும் கலையாத தூக்கம்.

நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு கடற்கதை படிக்கும்போது. புயல் நெருங்குகிறது, ஒருவர் 'மேக் த போட் ஃபாஸ்ட்!' என்று கத்துகிறார். படகை விரட்டச் சொல்கிறார் என்று நினைத்து மேலே படித்தேன். அடுத்த பத்தியில் படகு கரையில் கட்டிக் கிடந்தது! அவர் சொன்னது, படகை இறுக்கிக் கட்டு என்று. அன்றிலிருந்து இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். இறுக்கிப் பூட்டுவது 'ஃபாஸன்' (நடுவில் உள்ள 't' ஒலிக்காது). மனம் மாறாதவர் 'ஸ்டெட்ஃபாஸ்ட்'. சாயம் போகாத துணி 'கலர்ஃபாஸ்ட்'. 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றால் சீக்கிரம் பழகியவர்கள் இல்லை, பிரிக்க முடியாத நண்பர்கள்.

உண்ணாநோன்பைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்' தனிச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் இதே வேர்தான். ஒரு கட்டுப்பாட்டை விடாமல் பிடித்து நிற்பதுதானே நோன்பு? இரவெல்லாம் உண்ணாமல் இருந்ததை முறிக்கும் உணவு 'பிரேக்ஃபாஸ்ட்'.

சரி, வேகம் எப்படி வந்தது? விடாமல், அழுத்தமாக, முழு மூச்சோடு ஓடினால் அது வேகமான ஓட்டம்தான். உறுதி மெல்ல விரைவாக மாறிவிட்டது. நம் மொழியிலும் இப்படி உண்டு: 'கடுமை' என்றால் வன்மை, 'கடுகி வந்தான்' என்றால் விரைந்து வந்தான்.

படிக்கும்போது பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். 'ஹோல்ட்', 'ஸ்டாண்ட்', 'ஸ்டக்' என்று அசையாத நிலையைச் சொல்லும் சொல் முன்னால் இருந்தால் உறுதி. 'ரன்', 'டிரைவ்' என்று இயக்கம் இருந்தால் வேகம். கடிகாரம் ஐந்து நிமிடம் 'ஃபாஸ்ட்' என்றால் அது ஐந்து நிமிடம் முன்னே காட்டுகிறது. எழுதும்போது 'ஃபாஸ்ட்லி' வேண்டாம். வினையோடு சேரும்போதும் 'ஃபாஸ்ட்' மட்டும்தான்.

ஜெர்மனும் கற்பவராக இருந்தால் இன்னொன்று: அங்கே இதே எழுத்துகளில் ஒரு சொல் இருக்கிறது, அதற்குப் பொருள் 'ஏறக்குறைய'.