சின்ன ராக்கர் சுவிட்ச்: தேர்வும் பொருத்தலும் – கேள்வி பதில்

வீட்டிலேயே மின்னணுக் கருவிகளைச் செய்து பார்க்கும் அன்பர்கள், ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும் ராக்கர் சுவிட்சுகளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக மின்வழங்கிப் பெட்டிகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் வரும் உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய சுவிட்சில் 6 ஆம்பியர், 250 வோல்ட் என்று பொறித்திருக்கிறது. என் மின்மிதிவண்டியின் 48 வோல்ட் பேட்டரிக்கு, 5 ஆம்பியர் மட்டுமே ஓடும் இடத்தில், இதைப் போடலாமா? 250ஐவிட 48 மிகக் குறைவுதானே?

பதில்: போடக் கூடாது. அந்த எண்ணை அடுத்து ஒரு சிறிய அலைக்கோடு இருக்கும். அது மாறுதிசை மின்சாரத்துக்கு உரிய அளவு என்பதன் அடையாளம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுச் செல்கிறது. ஆகவே சுவிட்சை அணைக்கும்போது தொடுமுனைகளுக்கிடையே எழும் தீப்பொறி, அடுத்த சுழி வந்ததும், அதாவது நூறில் ஒரு நொடிக்குள், பெரும்பாலும் தானே அணைந்துவிடுகிறது. பேட்டரி தரும் நேர்திசை மின்சாரத்தில் அப்படியொரு சுழி வருவதே இல்லை. இந்தச் சிறிய சுவிட்சுக்குள் முனைகள் விலகும் தூரமும் மிகக் குறைவு என்பதால், 48 வோல்ட்டில் பொறி நீண்டு நின்று எரிந்து, வெள்ளி முனைகளை அரித்து, சில வேளைகளில் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவும் வைத்துவிடும். அணைத்த பிறகும் அணையாத சுவிட்சைவிட ஆபத்தானது வேறில்லை.

வெள்ளி முனைகளுக்கிடையே பொறி நிலைத்து எரிய ஏறத்தாழ 12 வோல்ட்டாவது வேண்டும். ஆகவே 5 வோல்ட் கருவிகளுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. 12 வோல்ட் எல்இடி விளக்குகளுக்கு, பொறித்திருக்கும் ஆம்பியரில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். உங்கள் 48 வோல்ட்டுக்கு, நேர்திசை அளவு தனியாகக் குறிக்கப்பட்ட சுவிட்சை வாங்குங்கள். அல்லது பெரிய மின்னோட்டத்தை, மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்பெட் டிரான்சிஸ்டர் ஒன்றிடம் விட்டுவிட்டு, அதன் கேட் என்னும் கட்டுப்பாட்டு முனையை இயக்கும் வேலையை மட்டும் இந்தச் சிறிய சுவிட்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: சுவிட்சின் பக்கவாட்டில் 6(4), டி85, 1இ4 என்றெல்லாம் இருக்கிறது. இவை என்ன?

பதில்: அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 6, சூடேற்றி போன்ற தடைச் சுமைக்கான ஆம்பியர், உள்ளே உள்ள 4, மோட்டார்ச் சுமைக்கானது. டி85 என்பது 85 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பதையும், 1இ4 என்பது பத்தாயிரம் முறை இயக்கலாம் என்பதையும் குறிக்கும். 5இ4 என்று இருந்தால் ஐம்பதாயிரம் முறை. இந்த எழுத்துகளே இல்லாத சுவிட்சை நான் 230 வோல்ட் பக்கம் கொண்டுபோவதில்லை.

கேள்வி: விளக்கு எரியும் மூன்று முனைச் சுவிட்சை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். கருவி ஓடுகிறது, விளக்கு எரியவில்லை. பழுதா?

பதில்: பழுதில்லை. 230 வோல்ட்டுக்கென்று விற்கப்படும் வகையில் உள்ளே இருப்பது பெரும்பாலும் நியான் விளக்கு. அது எரியவே ஏறத்தாழ 60 முதல் 90 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் எல்இடி பொருத்திய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

முனைகளை மாற்றி இணைப்பதுதான் இவ்வகையில் அடிக்கடி நேரும் தவறு. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, சுவிட்சைப் போட்ட நிலையில் எந்த இரண்டு முனைகளுக்கிடையே ஒலி வருகிறது என்று முதலில் கண்டுகொள்ளுங்கள். அவை மின்வரவும் சுமையும்; எஞ்சிய மூன்றாவது, விளக்குக்கு மட்டுமான நியூட்ரல் அல்லது மைனஸ். முதல் இரண்டில் பிளஸையும் மைனஸையும் மாட்டினால், சுவிட்சைப் போட்டவுடன் நேரடிக் குறுக்குச்சுற்றுதான். வரவையும் சுமையையும் இடம் மாற்றினாலோ, சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: 230 வோல்ட் மின்வழங்கிப் பெட்டிக்கு இரண்டு முனைச் சுவிட்ச் போதுமா, நான்கு முனை வேண்டுமா?

பதில்: நான்கு முனையே நல்லது. நம் ஊரின் இரண்டு முனைப் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் உள்ளே போகும். ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் போட்டிருந்தால், பாதி நேரம் அது நியூட்ரலைத் துண்டித்துவிட்டு, பேஸ் கம்பியைப் பெட்டிக்குள் உயிரோடு விட்டுவைக்கும். நான்கு முனைச் சுவிட்ச் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கிறது. பெட்டி உலோகமானால் மூன்று முனைப் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். பியூஸ், பேஸ் கம்பியில் சுவிட்சுக்கு முன்னால் வர வேண்டும். எர்த் கம்பியை எந்தச் சுவிட்சின் வழியாகவும் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: துளை சரியாக வருவதில்லை, சுவிட்ச் ஒன்று ஆடுகிறது, அல்லது உள்ளே போக மறுக்கிறது.

பதில்: கடைகளில் கேசிடி1 என்று கிடைக்கும் வகைக்குத் துளை ஏறத்தாழ 19க்கு 13 மில்லிமீட்டர். ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறுவதால், கையில் இருக்கும் சுவிட்சின் உடலை வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகே கோடு போடுங்கள். மறைப்பு நாடாவை ஒட்டி அதன்மேல் வரைந்து, கோட்டுக்கு உள்ளேயே இரண்டு மூன்று துளைகளைப் போட்டு, மீதியைத் தட்டை அரத்தால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் முன்பாக நிறுத்திச் சுவிட்சை வைத்துப் பாருங்கள், ஏனெனில் தேய்த்ததை மீண்டும் ஒட்ட முடியாது. பலகையின் தடிமனும் முக்கியம். பக்கத்து நாக்குகள் விரிந்து பிடிப்பதற்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வசதியானது. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் பல சுவிட்சுகள் சரியாகப் பிடிப்பதில்லை. அப்போது துளையின் ஓரத்தைப் பின்பக்கமாகச் சற்றுச் செதுக்கிவிடலாம்.

கேள்வி: சால்டர் செய்த பின் சுவிட்ச் தளர்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: முனையைப் பிடித்திருக்கும் நைலான் உடல் சூட்டில் இளகி, முனை சாய்ந்துவிடுகிறது. நான் கட்டிய முதல் ஆம்ப்ளிபயரில் இப்படி மூன்று சுவிட்சுகளைப் பாழாக்கினேன். கடைக்காரர்தான் பாவம், அவரைத் திட்டிவிட்டு வந்தேன். முனையை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, கம்பிக்கும் முனைக்கும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டால், இரண்டு மூன்று நொடியில் வேலை முடிந்துவிடும். அதைவிட, 4.8 மில்லிமீட்டர் பெண் லக்குகளைக் கம்பியில் நசுக்கிப் பொருத்தி முனையில் செருகுவது எளிது. சுவிட்ச் முன்பக்கமாக உள்ளே போவதால், கம்பிகளை முதலில் துளை வழியாக வெளியே இழுத்து, ஸ்லீவையும் கோத்துக்கொண்டு, அதன் பிறகே இணைக்க வேண்டும்.

கேள்வி: சுவிட்சின் மேல் உள்ள கோடும் வட்டமும் எந்தப் பக்கம் வர வேண்டும்?

பதில்: கோடு என்றால் சுவிட்சைப் போட்ட நிலை, வட்டம் என்றால் அணைத்த நிலை. மேலே கீழே என்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: ஆறு முனைச் சுவிட்சால் 12 வோல்ட் மோட்டாரை இரு திசையிலும் சுழற்ற முடியுமா?

பதில்: முடியும். நடுவில் அணைந்து நிற்கும் வகையை வாங்கி, நடு இரண்டு முனைகளை மோட்டாருக்கும், ஒரு பக்கத்து இரண்டைப் பேட்டரிக்கும் கொடுத்து, அவற்றிலிருந்து எதிர்ப்பக்கத்து இரண்டுக்குக் குறுக்காகக் கம்பி இழுங்கள். மோட்டாரோடு வழக்கமாகச் சேர்க்கும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒற்றை டையோடை இங்கே போடாதீர்கள். திசை மாறியதும் அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும். 0.1 மைக்ரோ பாரட் செராமிக் கெப்பாசிட்டரை மோட்டாரின் முனைகளிலேயே வைத்தால் மின் இரைச்சல் குறையும். மோட்டார் ஓடும்போதே எதிர்த்திசைக்குத் தள்ளினால் பாயும் மின்னோட்டம், தடைபட்டு நிற்கும் மோட்டார் இழுப்பதைப்போல இரு மடங்கை நெருங்கும். நடுவில் நிறுத்தி, மோட்டார் நின்ற பிறகு மாற்றுங்கள்.

கேள்வி: அர்டுயினோ ஊனோ என்னும் நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை, ராக்கர் சுவிட்சின் நிலையைச் சில நேரம் தவறாக வாசிக்கிறது.

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். முனைகள் சில மில்லி நொடிகள் துள்ளிய பிறகே நிலைக்கும். முதல் மாற்றத்தைக் கண்டதும் 20 மில்லி நொடி பொறுத்து மீண்டும் வாசிக்கும்படி நிரலை எழுதுங்கள். இன்னொன்று, பெரிய மின்னோட்டத்துக்கான வெள்ளி முனைகளில் படியும் மெல்லிய கறையை, அர்டுயினோவுக்கு உள்ளே இருக்கும், உள்ளீட்டு முனையை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் புல்அப் ரெசிஸ்டர் தரும் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தால் உடைக்க முடிவதில்லை. வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்கு இணைத்தால் 5 மில்லி ஆம்பியர் ஓடும். அப்போதும் தடுமாறினால், தங்கம் பூசிய முனைகள் உள்ள சிறிய சமிக்ஞைச் சுவிட்சுக்கு மாறிவிடுங்கள்.