கிரேக்கத் தீவு டூர்: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

கேள்வி: சார் வணக்கம். எங்களுக்கு 25வது கல்யாண நாள் வருது, பசங்க காசு போட்டு கிரீஸ் அனுப்பறோம்ங்கறாங்க. ஒரு ட்ராவல்ஸ்ல 7 நாள் பேக்கேஜ் காட்டினாங்க. ஏதென்ஸ், மைக்கோனோஸ், சாண்டோரினி, க்ரீட் நாலும் வருமாம், சாண்டோரினில "கால்டெரா ஏரியா ஹோட்டல்"னு போட்டிருக்கு. பாதி அட்வான்ஸ் இந்த வாரமே கட்டணுமாம். அப்படி என்னதான் சார் இருக்கு அங்க? கட்டலாமா? (திருச்சி வாசகி)

பதில்: இந்த வாரம் கட்டாதீங்கம்மா, அவ்ளோ அவசரம் ஒண்ணும் இல்ல.

என்ன இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். கிரீஸ்ல ஜனங்க குடியிருக்கிற தீவு மட்டும் 227, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஏஜியன் கடல் தண்ணில சத்து கம்மி, பாசி அவ்வளவா வளராது, அதனாலதான் இடுப்பளவு தண்ணில நின்னாலும் கால் நகம் வரைக்கும் தெரியுது. மதியம் பாதி கடைய சாத்திட்டு தூங்குற ஊருங்க, சாயங்காலம் கடலோரமா ஒரு டவெர்னால, அதான் அவங்க ஊர் சாப்பாட்டுக் கடைல, உக்காந்தா ரெண்டு மணி நேரம் ஆனாலும் எப்ப எந்திரிப்பாங்கன்னு யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, பில்ல நாமளா கேட்டாதான் கொண்டு வருவாங்க. இந்த நிதானத்துக்குத்தான் ஐரோப்பாக்காரங்க வருஷா வருஷம் அதே தீவுக்கு, சில பேர் அதே ரூமுக்கே போறாங்க. அங்க இருக்கிற விஷயம் இதுதான்.

இப்ப உங்க பேக்கேஜ் இந்த நிதானத்த விக்குதான்னு பாருங்க. 7 நாள்ல நாலு ஊரு, மூணு கடல் பயணம், ஒவ்வொரு தடவையும் காலைல ரூம காலி பண்ணி பெட்டிய உருட்டிட்டு போர்ட்ல வெயில்ல நின்னு கப்பல் ஏறி எறங்கி அடுத்த ஹோட்டல்ல செக்-இன் டைம் ஆகலைன்னு லாபில உக்காந்துன்னு ஒவ்வொரு மாத்தலுக்கும் அரை நாள் காலி. க்ரீட் 260 கிலோமீட்டர் நீளம், அங்க சமாரியா பள்ளத்தாக்குல நடக்கவே முழுசா ஒரு நாள் வேணும், 16 கிலோமீட்டர். ஒரு ராத்திரி தங்கிட்டு க்ரீட் பாத்தேன்னு சொல்றதெல்லாம் போட்டோ கணக்கு.

அந்த "கால்டெரா ஏரியா"ங்கற வார்த்தையத்தான் நான் நம்ப மாட்டேன். சுமார் 3600 வருஷத்துக்கு முன்னாடி எரிமலை வெடிச்சு சாண்டோரினியோட நடுப்பகுதி கடலுக்குள்ள இறங்கிடுச்சு, அந்தப் பள்ளம்தான் கால்டெரா, மிச்சமான விளிம்புல, செங்குத்து மலை மேல ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா ஊருங்க இருக்கு. நீங்க போட்டோல பாக்குற வெள்ளை வீடு, நீல டோம் எல்லாம் இந்தப் பக்கம்தான். கமாரி, பெரிஸ்ஸா இருக்கிறது தீவுக்கு அந்தாண்ட பக்கம், கருப்பு மணல் பீச், நல்ல இடம், ரேட்டும் கம்மி, ஆனா ரூம்ல இருந்து கால்டெரா தெரியாது. அதனால வவுச்சர்ல ஹோட்டல் பேரு, ஊரு பேரு, ரூம் டைப் மூணையும் எழுதி வாங்குங்க. "கால்டெரா வியூ"ன்னு இருக்கணும். "சீ வியூ"ன்னா எந்தப் பக்கத்து கடல் வேணா இருக்கலாம். பேரக் கேட்டு நீங்களே மேப்புல போட்டுப் பாருங்க. "இது இல்லன்னா இதுக்கு சமமான ஹோட்டல்"னு ஒரு வரி அடில இருந்தா அதையும் அடிக்கச் சொல்லுங்க.

நானா இருந்தா மைக்கோனோஸ், க்ரீட் ரெண்டையும் எடுத்துட்டு நாக்ஸோஸ்ங்கற தீவுல மூணு ராத்திரி, சாண்டோரினில ரெண்டு, மிச்சம் ஏதென்ஸ்னு மாத்திக் குடுங்கன்னு கேப்பேன். நாக்ஸோஸ்ல இருந்து சாண்டோரினி ஏறக்குறைய ரெண்டு மணி நேர ஃபெரிதான். நாக்ஸோஸ் துறைமுகத்துலயே போர்டாரான்னு ஒரு மார்பிள் வாசல் தனியா நிக்கும், கி.மு. 6ம் நூற்றாண்டுல கட்ட ஆரம்பிச்சு முடிக்காம விட்ட கோயிலோடது. சன்செட்டுக்கு டிக்கெட் இல்லாம அங்க போய் உக்காரலாம், ஓயால அதே சன்செட்டுக்கு ஜனம் தோளோட தோள் இடிச்சிட்டு நிக்கும். நாக்ஸோஸ்ல அகியோஸ் ப்ரோகோபியோஸ், ப்ளாகான்னு நீட்டு மணல் பீச்சு, உருளைக்கிழங்கும் சீஸும் தீவுலயே விளையுறது. மே கடைசில இருந்து ஜூன், இல்லன்னா செப்டம்பர் பாருங்க, செப்டம்பர்ல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். நவம்பர் ஆச்சுன்னா சின்ன தீவுகள்ல நிறைய ஹோட்டலே பூட்டிடுவாங்க, அந்த மாச "ஆஃபர்" எல்லாம் அப்படித்தான்.

அட்வான்ஸ் விஷயம். கிரீஸ் போக வேண்டிய ஷெங்கன் விசா ரிஜெக்ட் ஆனா எவ்வளவு திரும்ப வரும்னு மெயில்ல எழுதி வாங்காம ஒரு ரூபாயும் கட்டாதீங்க. விசா ஃபீஸ் 90 யூரோ, ரிஜெக்ட் ஆனாலும் அது வராது. டூர் பில்லுல டிசிஎஸ்னு முன்கூட்டியே பிடிக்கிற வரிய மட்டும் ஐடி ரிட்டர்ன்ல கிளெய்ம் பண்ணிக்கலாம்.

கேள்வி: முழு காசும் கட்டின அப்புறம் ஹோட்டல் கவுன்ட்டர்ல ராத்திரிக்கு 10 யூரோ எக்ஸ்ட்ரா கேக்குறாங்கன்னு தம்பி போன் பண்ணான். ஏமாத்துறாங்களா?

பதில்: இல்ல, அது அரசாங்க வரி, க்ளைமேட் ஃபீஸ்னு சொல்வாங்க. 2025ல இருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கும் ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 1, 2 ஸ்டார்ல 2 யூரோ, 3 ஸ்டார்ல 5, 4 ஸ்டார்ல 10, 5 ஸ்டார்ல 15. ஆளுக்கு இல்ல, ரூமுக்கு, அத மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க. புக்கிங் சைட்ல காட்டுற ரேட்டுல பெரும்பாலும் இது சேராது. ரசீது வாங்கணும்.

கேள்வி: பொண்ணும் மாப்பிள்ளையும் ஜெர்மனில இருந்து ஆகஸ்ட்ல தீவு தீவா போறாங்க. காத்து அடிச்சா ஃபெரி கேன்சல் ஆகும்ங்கறாங்களே, டிக்கெட் காசு போயிடுமா?

பதில்: ஜூலை, ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்கு காத்து வரும், வானம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா கடல் கொந்தளிக்கும், காத்து வேகம் ஒரு அளவு தாண்டினா துறைமுக அதிகாரிங்களே கப்பல் கெளம்பக் கூடாதுன்னு நிறுத்திடுவாங்க. முதல்ல நிக்கிறது சின்ன ஹைஸ்பீட் படகுங்கதான், பெரிய கார் ஃபெரி லேட்டா போனாலும் இன்னும் கொஞ்சம் தாங்கும், வாந்தியும் கம்மி. கேன்சல் ஆச்சுன்னா ஐரோப்பிய சட்டப்படி டிக்கெட் காசு வாபஸ் அல்லது வேற கப்பல், எது வேணும்னு தேர்ந்தெடுக்கற உரிமை பயணிக்குத்தான். ஆனா வானிலை காரணம்னா நஷ்டஈடு கிடையாது, அன்னிக்கு ராத்திரி ரூம் வாடகையும் குடுக்க மாட்டாங்க, அடுத்த தீவு ஹோட்டல், ஏதென்ஸ் ஃப்ளைட் எல்லாம் தனித்தனியா வாங்கியிருந்தா அதெல்லாம் நம்ம தலைலதான். அதனால திரும்புற ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி கண்டிப்பா ஏதென்ஸ்ல இருக்கச் சொல்லுங்க. இதுல மிச்சம் பிடிக்கப் பாத்து மாட்டிக்கிறவங்க நிறைய பேர்.

கேள்வி: பீச்சுல ரெண்டு சேர் ஒரு குடைக்கு 60 யூரோ கேட்டாங்களாம்! சாப்பாட்டுலயும் இப்படித்தானா?

பதில்: கேப்பாங்க, மைக்கோனோஸ்ல அதுக்கு மேலயும் கேப்பாங்க. ஆனா கடற்கரை பொது இடம், துண்ட விரிச்சு உக்காந்தா யாரும் எழுப்பக் கூடாது, பொதுவா பீச்சுல பாதி இடத்தையாவது சேர் போடாம காலியா விடணும்னு 2024ல சட்டம் போட்டிருக்காங்க. மீறினா புகார் குடுக்க மைகோஸ்ட்னு ஒரு அரசாங்க ஆப்பே இருக்கு. 

சாப்பாட்டுல உஷாரா இருக்க வேண்டியது மீன் விஷயத்துலதான். மெனுல போட்டிருக்கிற விலை ஒரு கிலோவுக்கு, ப்ளேட்டுக்கு இல்ல. மீன காட்டச் சொல்லி, எடை போட்டு, எவ்வளவு வரும்னு கேட்டு அப்புறமா சமைக்கச் சொல்லணும், அங்க ஊர்க்காரங்களும் அப்படித்தான் வாங்குறாங்க. பிரெட் கேக்காமலே வரும், அதுக்கு சின்னதா ஒரு சார்ஜ் இருக்கும். மெனு கார்டுலயே அடில பாருங்க, ரசீது தரலன்னா காசு குடுக்க வேண்டியதில்லன்னு அச்சடிச்சிருப்பாங்க, சட்டமே அப்படித்தான்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். பிரெட்டும் ஜாமும்தானா?

பதில்: நல்லாவே சாப்பிடலாம். லதேரான்னு கேளுங்க, காய்கறிய ஆலிவ் எண்ணெய்ல தக்காளியோட வேக வைக்கிற வகை, அவங்க விரத நாளுக்கு செய்யறது. கத்திரிக்காய், சுரைக்காய் மாதிரி சுக்கினி, உருளைக்கிழங்கு போட்ட ப்ரியாம், பெரிய வெள்ளை பீன்ஸ்ல ஜிகாந்தெஸ், அப்புறம் சாண்டோரினி ஃபாவா, மஞ்சப் பருப்ப மசிச்சு மேல வெங்காயமும் எண்ணெயும் ஊத்தித் தருவாங்க, நம்ம வீட்டு பருப்பு மசியல் கணக்கா இருக்கும். தக்காளிக்குள்ள சாதம் அடைச்ச யெமிஸ்தாவும் ஓகே, ஆனா அத கைமா போட்டும் செய்வாங்க, போடாமலும் செய்வாங்க, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.