காது கேட்காமலே சென்டர் ஃபீல்டில் 14 சீசன்: வில்லியம் ஹோய்

‘19-ஆம் நூற்றாண்டு பேஸ்பால் அவுட்ஃபீல்டர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அமெரிக்க வீரர் வில்லியம் ஹோய்தான். மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று, தூரமாக வரும் பந்துகளைப் பிடிப்பவர்தான் அவுட்ஃபீல்டர். அந்தப் பகுதியின் நடுப்பாகம் சென்டர் ஃபீல்ட்.

அவர் பேச்சு எங்கே வந்தாலும், ‘அம்பயர்கள் கையைத் தூக்கிக் காட்டும் வழக்கம் இவரால் வந்தது’ என்ற ஒரே செய்தியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். காதே கேட்காத ஒருவர், ஓர் அணியின் சென்டர் ஃபீல்டைப் பல ஆண்டுகள் தன் பொறுப்பில் வைத்திருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பேட்டில் பந்து படும் சத்தத்தை வைத்தே, அது தூரம் போகுமா, முன்னாலேயே விழுமா என்று அவுட்ஃபீல்டர் பாதி கணித்துவிடுவார். இரண்டு பேருக்கு நடுவே உயரமாக வரும் பந்துக்கு யாராவது ஒருவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஒரே கேட்சுக்கு இரண்டு ஃபீல்டர்கள் ஓடி முட்டிக்கொள்வதைக் கிரிக்கெட்டில் பார்த்தவர்களுக்கு இது புரியும். சக வீரர் கத்துவது ஹோய்க்குக் கேட்காது. அதனால் அவர் ஏற்பாட்டையே திருப்பிப் போட்டார். பந்தைத் தான் எடுப்பதாக இருந்தால் தொண்டையிலிருந்து கீச்சென்று ஓர் ஒலி எழுப்புவார், மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். ஒலி வரவில்லையென்றால் பந்து அவர்களுடையது. 1902-ல் சின்சினாட்டி அவுட்ஃபீல்டில் அவர் பக்கத்தில் நின்று ஆடிய சாம் கிராஃபோர்ட், யார் பந்தை எடுப்பது என்பதில் அவரோடு ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை என்று வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஹோய் 1862-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஹூக்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் கேட்கும் திறன் போயிற்று. கொலம்பஸில் இருந்த காதுகேளாதோர் பள்ளியில் படித்து, வகுப்பில் முதல் மாணவராகத் தேறி, ஊரில் செருப்புத் தைக்கும் கடை போட்டார். கோடையில் அந்தப் பக்கத்து ஜனங்கள் வெறுங்காலோடு நடப்பார்களாம். கடையில் வேலை இருக்காது, வாசலில் பையன்களோடு பந்து விளையாடுவார். அங்கிருந்துதான் 1886-ல் விஸ்கான்சினின் ஓஷ்கோஷ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பேட் செய்யும்போது முதலில் மிகவும் சிரமப்பட்டார். அடிக்கத் தகுந்த பந்தை விட்டாலோ, அடிக்கப் போய்த் தவறினாலோ ‘ஸ்ட்ரைக்’. தப்பாக வந்த பந்தை அடிக்காமல் விட்டால் ‘பால்’. அன்றைய அம்பயர்கள் இதை வாயால்தான் சொல்வார்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஹோய் திரும்பி அம்பயரைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்வார். அவர் மறுபடி தயாராவதற்குள் பிட்சர் அடுத்த பந்தை வீசிவிடுவார். இதற்கு அவரே ஒரு வழி கண்டார். மூன்றாம் பேஸ் (ரன் எடுக்க ஓடிச் சுற்றிவர வேண்டிய நிலைகளில் ஒன்று) பக்கம் நிற்கும் கோச், ஸ்ட்ரைக் என்றால் வலது கையையும், பால் என்றால் இடது கையையும் தூக்க வேண்டும். அடுத்த ஆண்டே அவர் பேட்டிங் நிமிர்ந்துவிட்டது.

1888-ல் வாஷிங்டன் அணிக்காக நேஷனல் லீக்கில் முதல் சீசன். அந்த வருஷம் 82 பேஸ் திருடி, அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்து, லீக்கிலேயே முதலிடம். 1898-க்கு முன், அடுத்தவர் அடித்த ஹிட்டில் ஒரு பேஸ் கூடுதலாக ஓடினாலும் அது திருட்டுக் கணக்கில் சேரும் என்பதால், இன்றைய எண்களோடு இதை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் அந்த லீக்கில் அதே விதியின் கீழ் ஓடிய எல்லோரையும் அவர் முந்தினார். அடுத்த ஆண்டு ஜூன் 19-ல் இன்னொரு சாதனை. ஒரே ஆட்டத்தில் மூன்று ரன்னர்களை அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்து, ரன் எடுக்க வந்து சேர வேண்டிய ஹோம் பிளேட்டில் அவுட் ஆக்கினார். பந்தை வாங்கிய கேட்சர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மேனேஜர் கானி மேக். என்ன எறி பாருங்கள்! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பிறகு பஃபலோ, செயின்ட் லூயிஸ், மீண்டும் வாஷிங்டன், சின்சினாட்டி, லூயிவில், சிகாகோ, கடைசியாக மறுபடி சின்சினாட்டி. நான்கு பெரிய லீக்குகளில் ஆடிவிட்டார். ஐந்தரை அடியைத் தொடாத உயரம், கூர்மையான கண், தப்பான பந்தைத் தொடவே மாட்டார். 1891-லும் 1901-லும் தான் ஆடிய லீக்கில் அதிக வாக் (நான்கு ‘பால்’ வந்தால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கியவர் அவர்தான். இரண்டாவது முறை வயது 39. அந்த ஆண்டு சிகாகோ, அமெரிக்கன் லீக் பட்டத்தையும் வென்றது.

1902 மே மாதம் நியூயார்க் ஜயன்ட்ஸின் காதுகேளாத பிட்சர் லூதர் டெய்லரை எதிர்கொண்டு ஆடினார். பேட் செய்யப் போகும் வழியில் சைகை மொழியில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். ஓய்வுக்குப் பின் சின்சினாட்டி பக்கத்தில் பால் பண்ணை நடத்தினார். 1961 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், 99 வயதில், முதல் பந்தை எறிந்தார். அந்த டிசம்பரில் காலமானார்.

சரி, அம்பயர் சைகை விஷயம். அது அவரால்தான் பரவியது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்பதே என் கருத்து. அவருடையது கோச்சோடு செய்துகொண்ட ஏற்பாடு. கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மன்றத்தில் பில் கிளெம் என்ற அம்பயரின் பட்டயத்தில் அந்தப் பெருமை பொறிக்கப்பட்டிருக்கிறது. ஹோய் அந்த மன்றத்தில் இன்னும் சேர்க்கப்படவில்லை. சேர்க்க வேண்டும் என்று காதுகேளாதோர் சமூகம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது, நானும் அந்தப் பக்கம்தான். சைகைக் கதையை முழுவதுமாக ஒதுக்கிவைத்தாலும் 2,000-க்கும் மேற்பட்ட ஹிட்டுகள், 600-ஐ நெருங்கும் பேஸ் திருட்டுகள், அந்த எறி எல்லாம் அவர் பெயரில் இருக்கின்றன. அந்தக் கணக்கை வைத்தே அவரை உள்ளே அழைக்கலாம்.