ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் வேகம் எடுக்கவில்லை, ஸ்கேனில் பி2135: த்ராட்டில் பாடியை மாற்ற வேண்டுமா?

நீங்கள் சொல்வது இது: பெட்ரோல் கார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிக்கப் போய்விடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் 1500 ஆர்.பி.எம்.மைத் தாண்டுவதில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்தால் பி2135 என்ற கோளாறு எண் (கோடு) வருகிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழையபடி நன்றாக ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டில் பாடியை, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். வந்து வந்து போகிற கோளாறில் முதல் சந்தேகம் கனெக்டர் மேலும் வயர் மேலும்தான் விழ வேண்டும்.

இந்த வகைக் காரில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள், த்ராட்டில் பாடியில் இரண்டு சென்சார்கள், ஒரு சின்ன மோட்டார். சென்சார்களை இரண்டிரண்டாக வைத்திருப்பது ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். த்ராட்டில் பாடியின் இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத கணக்கைச் சொன்னால் கம்ப்யூட்டர் பி2135 போட்டுவிட்டு மோட்டாருக்கான கரண்டை நிறுத்திவிடும். உடனே ஸ்பிரிங், அந்த மோட்டார் திறந்து மூடும் காற்றுத் தகட்டை இழுத்து, கொஞ்சமே திறந்த நிலையில் நிறுத்தும். உங்கள் 1500 அங்கிருந்து வருகிறது. பெடல் சென்சார்களுக்குள் இதே முரண்பாடு வந்தால் கோடு பி2138. அப்போது த்ராட்டில் பாடியைத் தொடவே வேண்டாம், பெடலைப் பாருங்கள்.

பி2135 வந்தவுடன் பலர் கிளீனர் பாட்டிலை எடுக்கிறார்கள். தகட்டில் கார்பன் படிந்தால் தகடு ஒட்டும், மெதுவாக நகரும். ஆனால் அது எங்கே நின்றாலும் இரண்டு சென்சார்களும் ஒரே இடத்தைத்தான் காட்டும். அதனால் சுத்தம் செய்வது பி2135-க்கு மருந்து அல்ல. தகடு சரியாக நகரவில்லை என்று சொல்லும் பி2111, பி2112, பி2101 போன்ற கோடுகளுக்கும், ஐடில் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குவதற்கும்தான் அது பலன் தரும்.

சோதனைக்கு மல்டிமீட்டர் போதும். முதலில் பேட்டரி: அணைத்த நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, ஓடும்போது 13.5-க்கு மேல் இருக்க வேண்டும். அடுத்து சாவியை அணைத்து, த்ராட்டில் பாடி கனெக்டரைக் கழற்றிப் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா, எண்ணெய் கசிந்து இறங்கியிருக்கிறதா, ஏதாவது ஒரு பின் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா? பெரும்பாலான கார்களில் இங்கே ஆறு பின்கள்: மோட்டாருக்கு இரண்டு, 5 வோல்ட் ஒன்று, எர்த் ஒன்று, சென்சார் சிக்னல் இரண்டு.

கனெக்டரைத் திரும்ப மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையால் அளக்க வேண்டும். வயரின் தோலைக் குத்தித் துளைக்காதீர்கள், மழைக்காலத்தில் அந்தத் துளைதான் அடுத்த கோளாறு. 5 வோல்ட் சரியாக வர வேண்டும். குறைவாக இருந்தால் த்ராட்டில் பாடி கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதே 5 வோல்ட் லைனில் இருக்கும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகி அதைக் கீழே இழுக்கலாம். மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எதில் வோல்ட்டேஜ் மீள்கிறது என்பது தெரிந்துவிடும். எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் சரியில்லை.

பிறகு இரண்டு சிக்னல்கள். பல கார்களில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும், எந்த நிலையிலும் கூட்டினால் ஏறக்குறைய 5 வோல்ட் வரும். சில கார்களில், டொயோட்டா போன்றவற்றில், இரண்டும் சேர்ந்தே ஏறும். அங்கே இந்தக் கூட்டல் கணக்கு செல்லாது. எதுவானாலும் ஒருவர் பெடலைப் பத்து விநாடி எடுத்து மெதுவாக மிதிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். இடையில் திடீரென விழுந்து எழுகிறதா? கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து எழுவதை மீட்டர் தவறவிடும். அதனால் ஸ்கேனரில் இரண்டு சிக்னலையும் கிராஃபாக ஓடவிட்டு, ஒயரிங் கட்டை அங்கங்கே பிடித்து ஆட்டுங்கள். ஆட்டும்போது கிராஃப் துள்ளினால் கோளாறு வயரில். ஆட்டாதபோதும் பெடலின் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் துள்ளினால் உள்ளே சென்சார் தடம் தேய்ந்திருக்கிறது. அந்த ஒரு நிலையில் மாற்றத்தான் வேண்டும்.

சாவி ஆனில் இருக்கும்போது தகட்டுக்குள் விரலை விடாதீர்கள். மோட்டார் எச்சரிக்காமல் மூடும், விரல் நசுங்கும்.

கார்பன் இருந்து சுத்தம் செய்வதானால் பாடியைக் கழற்றிச் செய்வதே நல்லது. கூலண்ட் ஹோஸ் அதன் வழியே போகும் மாடல் என்றால் இன்ஜின் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். தகட்டின் விளிம்பு குழாயைத் தொடும் இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரியும், அழுக்கு அங்கேதான். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராக அடித்தால் ஷாஃப்ட் வழியே உள்ளே இறங்கி சென்சாரைக் கெடுக்கும். கத்தி, உப்புத்தாள் கூடாது. கேஸ்கெட் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள், இல்லையென்றால் காற்று கசிந்து ஐடில் ஏறும்.

சுத்தம் செய்ததும் ஐடில் ஏறுவது வழக்கம். அழுக்குக்கு ஏற்பத் தகட்டைக் கூடுதலாகத் திறக்கக் கம்ப்யூட்டர் பழகியிருக்கும். அதை மறக்க வைக்க ரீலேர்ன் செய்ய வேண்டும். சில கார்களில் பெடலைத் தொடாமல் சாவியை ஆன் செய்து, அணைத்து, பத்து விநாடி காத்திருந்தால் போதும். தகடு நகரும் ஓசை கேட்கும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியே ‘பேசிக் செட்டிங்’ கொடுக்க வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள முறையை அப்படியே பின்பற்றுங்கள். புதிய பாடி போட்டாலும் இதைச் செய்யாமல் வண்டியை வாங்காதீர்கள்.

காரணம் கண்டுபிடிக்கும்வரை நெடுஞ்சாலையில் ஓவர்டேக் வேண்டாம். நடுவில் பிக்கப் போனால் ஹசார்டு விளக்கைப் போட்டு, மெதுவாக இடது ஓரம் ஒதுங்கிவிடுங்கள்.